வீட்டுக்கேற்ற ரிக்கார்டு பிளேயர்

நமது அங்கத்தினர்களின் இல்லங்கள் பலவற்றில், பரண்மீதோ மரப்பெட்டியின் அடியிலோ, பழைய இசைத்தட்டுகள் சில துணியில் சுற்றி வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பாட்டனார் காலத்துக் கிராமபோன் தட்டுகள், திருமணத்தையொட்டி வாங்கிய நாகஸ்வரத் தட்டுகள், 1960-களிலும் 1970-களிலும் வெளிவந்த திரைப்படப் பாடல்களின் சிறு தட்டுகள் என அவை பலவகைப்படும். அவற்றை மீண்டும் கேட்க வேண்டுமென்ற ஆவல் அண்மைக் காலத்தில் எங்கும் பெருகி வருகின்றது. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில் விற்பனையான வினைல் தட்டுகளின் எண்ணிக்கை, 1987-க்குப் பின்னர் முதன்முறையாகக் குறுந்தகடுகளின் எண்ணிக்கையை மிஞ்சிற்று. அந்த அலை நம் நாட்டுக் கடைகளையும் எட்டியுள்ளது. கைப்பெட்டி வடிவில், வண்ணத் தோல் போர்த்திய ரிக்கார்டு பிளேயர்கள் மலிந்த விலைக்குக் கிடைக்கின்றன. "இவற்றுள் எதை வாங்கலாம்? சிக்கனமாக முடியுமா?" என்று அங்கத்தினர் சிலர் வினவியதன் பேரில் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

விடையை முதலிலேயே கூறிவிடுவோம். கடைக்குச் செல்லுமுன் பரணுக்குச் செல்ல வேண்டும். நம்மிடம் இருப்பவை எவ்வகைத் தட்டுகள் என்று அறியாமல் யந்திரம் வாங்குவது, நூலின் நம்பர் தெரியாமல் பண்ணை வாங்குவது போன்றதேயாகும். தட்டை அறிந்தபின் அதற்குரிய முள்ளையும், முள்ளுக்கேற்ற கையையும் தேடுதல் வேண்டும். மோட்டாரும் பெட்டியும் இவற்றிற்குப் பின்னரே வருவன. கடைக்காரர் காட்டுவதோ இதற்கு நேர்மாறான வரிசை.

தட்டுகளில் பழையவை நிமிஷத்திற்கு 78 சுற்றுச் சுழல்பவை. பத்து அங்குல விட்டம், நல்ல கனம், பக்கத்திற்கு மூன்று நிமிஷத்திற்குச் சற்று மேற்பட்ட இசை. கீழே விழுந்தால் ஓடுபோல் உடைந்துவிடும். இவை அரக்கினால் செய்யப்பட்டவை. சோட்டா நாகபுரிப் பக்கத்தில் பலாச மரத்திலும் குசும்ப மரத்திலும் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கே உலகெங்கும் கிராமபோன் தட்டுகளுக்கு மூலப்பொருளாயிற்று என்பதை நம் விவசாய அன்பர்கள் ஆர்வத்துடன் நோக்குவார்கள். டி. என். ராஜரத்தினம் பிள்ளை, கே. பி. சுந்தராம்பாள், எம். கே. தியாகராஜ பாகவதர் ஆகியோரின் புகழ்பெற்ற பதிவுகள் இத்தகைய தட்டுகளிலேயே வீடு வீடாகச் சென்றன.

இதன் பின்னர் வந்தவை வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. 1948-இல் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் நிமிஷத்திற்கு 33⅓ சுற்றுச் சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. இதையே எல்.பி. என்கிறோம். மறு ஆண்டு ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 சுற்றுச் சிறுதட்டை வெளியிட்டது. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக வந்தது. மேனாடுகளில் 1950-களின் இறுதியோடு 78 சுற்றுத் தட்டுகள் ஏறத்தாழ மறைந்தன. நம் நாட்டில் 1960-களிலும் அவை வெளிவந்துகொண்டிருந்தன. ஆகவே, பாடல் இடம்பெற்ற படத்தின் ஆண்டைக்கொண்டு தட்டின் வகையைத் தீர்மானித்தல் தவறாக முடியும். தட்டைக் கையில் எடுத்துக் கனத்தைப் பார்ப்பதும், நடுவில் ஒட்டிய வட்டத்தில் அச்சிட்டதைப் படிப்பதுமே நன்று.

இவ்வேறுபாட்டை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தட்டின்மீது சுருள்வட்டமாக ஓடும் நுண்ணிய பள்ளத்தின் இரு சுவர்களிலும் ஒலி வரையப்பட்டுள்ளது. எல்.பி. தட்டின் பள்ளத்திற்குரிய முள்ளின் முனை ஏறத்தாழ 18 மைக்ரான் ஆரம் உடையது. 78 சுற்றுத் தட்டிற்குரியதோ அதனினும் நான்கு மடங்கு பருத்தது. சுமார் 75 மைக்ரான். மெல்லிய முள்ளை அரக்குத் தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உருண்டு, இசையைக் காட்டிலும் இரைச்சலையே மிகுதியாகத் தரும். பருத்த முள்ளை எல்.பி.யில் வைத்தாலோ தட்டே கெட்டுவிடும். பழைய சாவி கொடுக்கும் கிராமபோனில் எஃகு ஊசியின்மேல் நூறு கிராமுக்கும் அதிகமான பாரம் அழுந்துகின்றது. அதன்மீது எல்.பி. தட்டை ஒருமுறை ஓடவிட்டாலும் மீட்க முடியாத சேதம் விளையும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை எச்சரித்து வைத்தல் நலம்.

இங்கே கடைகளில் நடக்கும் ஒரு சிறு மயக்கத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். மலிவான பெட்டிகளின்மேல் "மூன்று வேகம்: 33, 45, 78" என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். மோட்டார் அவ்வாறு சுழலும் என்பது உண்மையே. ஆனால் முள் ஒன்றே ஒன்று. அதுவும் பெரும்பாலும் எல்.பி.க்கு உரியது. வேகம் இருந்து முள் இல்லாவிடில் 78 தட்டிற்கு அந்த யந்திரத்தால் பயன் சிறிதே.

இனி, முள்ளின் பாரத்தைப் பற்றி. ஓர் எல்.பி.யின் ஒரு பக்கம் 22 நிமிஷம் ஓடுமாயின், அச்சுருளை நீட்டி வைத்தால் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நீளம் வரும். அத்தனை தூரமும் முள் பள்ளத்தின் சுவர்களை உரசிக்கொண்டே செல்கின்றது. கண்ணுக்குத் தெரியாத அம்முனையில் ஒரு கிராம் கூடினாலும் சுவரின்மீது ஏற்படும் அழுத்தம் பெரிது. மலிவான கைப்பெட்டி யந்திரங்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் என்னும் வகை உள்ளது. அது ஐந்து கிராம், சிலவற்றில் அதற்கும் மேற்பட்ட பாரத்துடன் தட்டை அழுத்துகின்றது. காந்த வகைக் கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு முதல் மூன்று கிராம் போதும். செராமிக் வகையில் பாரம் மட்டுமன்றி விறைப்பும் மிகுதி. பள்ளத்தின் நுண்ணிய நெளிவுகளுக்கு இணங்கி வளைந்து கொடுக்காமல் அவற்றை அரைத்துக்கொண்டு போகின்றது. மேலும் அவற்றில் பல, வைர முனைக்குப் பதிலாக நீலக்கல் முனை கொண்டவை. நீலக்கல் சில பத்து மணி நேரத்திலேயே தேய்ந்து கூர்விளிம்பு பெறும். தேய்ந்த முள் உளிக்கு நிகரானது.

இதை நூலறிவாக மட்டும் எழுதவில்லை. என் தந்தையார் 1970-களில் வாங்கிய நாகஸ்வர எல்.பி.க்கள் இரண்டு எங்கள் இல்லத்தில் இருந்தன. அழகாக இருக்கின்றதென்று ஒரு கைப்பெட்டி பிளேயரை வாங்கி, இரண்டில் எனக்கு மிகவும் உகந்த தட்டை ஏறத்தாழ நாள்தோறும் வைத்துக் கேட்டேன். மற்றொன்று உறையிலேயே கிடந்தது. இரண்டு மாதம் சென்றபின், தட்டின் உட்பகுதியில் நாகஸ்வரம் மேல் ஸ்தாயியைத் தொடும் இடங்களில் எல்லாம் கரகரவென்று ஓர் ஒலி கேட்கத் தொடங்கிற்று. பெட்டியின் ஒலிபெருக்கி பழுதென்று எண்ணினேன். பின்னர் நண்பர் ஒருவரிடமிருந்த நல்ல யந்திரத்தில் இரண்டு தட்டுகளையும் வைத்துப் பார்த்தோம். உறையிலிருந்த தட்டு நேற்றுப் பதிவானதுபோல் ஒலித்தது. நான் விரும்பிக் கேட்ட தட்டிலோ அந்தக் கரகரப்பு அப்படியே இருந்தது. அது இப்போது தட்டின் பகுதியாகிவிட்டது. அப்பதிவின் வேறு பிரதி எனக்கு இதுவரை அகப்படவில்லை. மிச்சப்படுத்திய பணத்தின் கணக்கு இதுதான்.

ஆகவே, வாங்கும் யந்திரத்தில் காந்த வகைக் கார்ட்ரிட்ஜும் வைர முள்ளும் இருத்தல் வேண்டும். அம்முள் தனியே கழற்றி மாற்றத்தக்கதாகவும், மாற்று முள் கடையில் கிடைப்பதாகவும் இருத்தல் வேண்டும். இவை இல்லாதது எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

முள்ளைத் தாங்கும் கையை நம் கிணற்றேற்றத்தோடு ஒப்பிடலாம். ஏற்றத்தின் துலாவில் பின்புறம் கட்டிய கல், முன்புறம் சாலின் கனத்தைச் சமன் செய்கின்றதல்லவா? அவ்வாறே நல்ல பிளேயரின் கைக்குப் பின்புறம் திருகத்தக்க ஓர் எதிர்ப்பாரம் இருக்கும். அதை முன்னும் பின்னும் திருகி, கை மேலும் எழாமல் கீழும் தாழாமல் காற்றில் மிதக்குமாறு முதலில் நிறுத்த வேண்டும். அந்நிலையில் அதன் எண்வளையத்தைப் பூஜ்யத்தில் வைத்து, பின்னர் கார்ட்ரிட்ஜ் செய்தவர் குறித்துள்ள கிராம் வரை திருப்ப வேண்டும். எண்வளையத்தை நம்பாதவர், நூறில் ஒரு கிராம் காட்டும் சிறு மின்தராசினால் சரிபார்க்கலாம். பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லதென்று குறித்த அளவிற்கும் கீழே போவது பிழை. பாரம் போதாத முள் பள்ளத்தில் நிலையாக அமராமல் சுவருக்குச் சுவர் துள்ளும். அத்துள்ளலும் தட்டைக் கெடுக்கும்.

எளிய யந்திரங்கள் சிலவற்றில் பாரம் தொழிற்சாலையிலேயே நிலையாக அமைக்கப்பட்டிருக்கும். அது மூன்று கிராம் அளவினதாயின் குறைகூற வேண்டியதில்லை. ஜப்பானிய ஆடியோ-டெக்னிகா நிறுவனத்தின் ஏ.டி.-எல்.பி.60எக்ஸ் என்னும் மாதிரி இவ்வகையைச் சேர்ந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் கை தானே சென்று அமரும்; பக்கம் முடிந்ததும் தானே எழுந்து திரும்பும். கண்பார்வை மங்கிய முதியோருக்கும், கேட்டுக்கொண்டே உறங்கிவிடுவோர்க்கும் இது பெரிய உதவி. ஆனால் 33, 45 என்ற இரு வேகங்களே உண்டு. 78 சுற்றுத் தட்டுகள் உள்ள வீட்டிற்கு அது உதவாது. அதே நிறுவனத்தின் ஏ.டி.-எல்.பி.120எக்ஸ் வகை விலை கூடியது. அதில் மூன்று வேகங்களும், எதிர்ப்பாரமும், தலைப்பகுதியுடன் கழற்றி மாற்றத்தக்க கார்ட்ரிட்ஜும் உள்ளன. அதனுடன் வரும் வி.எம்.95இ கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் பாரம். 78 தட்டுகளுக்கென்றே அந்த வரிசையில் வி.எம்.95எஸ்.பி. என்ற பருமுனைக் கார்ட்ரிட்ஜும் செய்கிறார்கள். அதற்கு ஐந்து கிராம். மாற்றும்போதெல்லாம் பாரத்தையும் மாற்ற மறத்தலாகாது. இரண்டு தலைப்பகுதிகளை வாங்கி, ஒன்றில் மெல்லிய முள்ளையும் மற்றொன்றில் பருத்த முள்ளையும் பொருத்தி வைத்துக்கொண்டால் பாட்டனார் தட்டும் பேரன் தட்டும் ஒரே யந்திரத்தில் பாடும். இங்கிலாந்தின் ரேகா நிறுவனம் செய்யும் பிளானர் 1 என்பது எளிமையும் உறுதியும் வாய்ந்தது. எனினும் அதற்குள் பிரீ-ஆம்ப்ளிபயர் இல்லை. அதைத் தனியே வாங்க வேண்டியிருக்கும். விலைகள் அடிக்கடி மாறுவதால் இங்குக் குறிக்கவில்லை.

பிரீ-ஆம்ப்ளிபயர் என்பது யாது? காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து எழும் மின்சாரம் சில மில்லிவோல்ட் மாத்திரமே. அதனோடு, தட்டைச் செதுக்கும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் மேல் ஒலிகளைக் கூட்டியும் செதுக்குகிறார்கள். இல்லாவிடில் மிருதங்கத்தின் இடந்தலை ஒலிக்கே பள்ளம் அகன்று இடம் போதாது போய்விடும். 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலோர் சங்கம் இதற்கு ஓர் அளவை வகுத்தது. அதுவே பின்னர் எங்கும் வழங்கலாயிற்று. குறைத்ததைக் கூட்டியும் கூட்டியதைக் குறைத்தும் ஒலியைப் பழைய நிலைக்குக் கொணர்வது இந்தப் பிரீ-ஆம்ப்ளிபயரின் வேலை. பிளேயரிலேயே அது இருப்பின், வீட்டிலுள்ள எந்த ஆம்ப்ளிபயருடனும், மின்சாரம் ஏற்ற ஒலிபெருக்கியுடனும் நேரே இணைக்கலாம். இல்லாமல் இணைத்தவர், யந்திரம் ஈனக்குரலில் பாடுகிறதென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார். பிளேயரிலும் ஆம்ப்ளிபயரிலும் ஆக இரண்டிடத்தில் இருப்பின் ஒன்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒலி சிதைந்து காதைப் பிளக்கும்.

மோட்டாரைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. ராட்டையின் சக்கரத்தையும் கதிரையும் ஒரு கயிறு இணைப்பதுபோல, மோட்டாரையும் சுழல்தட்டையும் ரப்பர் பெல்ட் இணைப்பது ஒரு முறை. மோட்டாரின் அச்சிலேயே சுழல்தட்டு அமர்வது மற்றொன்று. இரண்டிலும் நல்லவையும் உண்டு, அல்லாதவையும் உண்டு. பெல்ட் சில ஆண்டுகளில் தளரும், மாற்றுவது எளிது.

பழைய யந்திரம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, பார்த்து வாங்கத் தெரிந்தால் அதுவே சிக்கனம் என்பேன். சுழல்தட்டைக் கையால் சுழற்றினால் சத்தமின்றி நெடுநேரம் ஓடி நிற்க வேண்டும். கையை மெல்ல அசைத்தால் அதன் மூட்டில் ஆட்டம் இருத்தலாகாது. வேகத்தை அறிய ஒரு துண்டுக் காகிதத்தைச் சுழல்தட்டின் விளிம்பில் செருகி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணலாம். 33⅓ வேகத்தில் மூன்று நிமிஷத்திற்குச் சரியாக நூறு சுற்று வர வேண்டும். அக்கார்ட்ரிட்ஜுக்கு இன்றும் முள் கிடைக்கிறதா என்று கேட்டறிந்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். அமெரிக்காவிலுள்ள உறவினர் அன்போடு அனுப்பும் பழைய யந்திரங்களில் இன்னொரு சங்கடம் உண்டு. மின்னழுத்தத்தை மாற்ற டிரான்ஸ்பார்மர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே மின்சாரம் நொடிக்கு 60 அலை, இங்கே 50. அந்த அலையைப் பின்பற்றிச் சுழலும் மோட்டாராயின் 33⅓-க்குப் பதில் 28-க்கும் குறைவாகவே சுழலும். பாடகர் தூக்கத்தில் பாடுவதுபோல் இருக்கும். பித்தளைக் குழல் வைத்த கிராமபோன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: பழங்காலப் பொருளென்று விற்கப்படுபவற்றில் பல, பல யந்திரங்களின் உறுப்புகளைக் கோத்து அண்மையில் செய்யப்பட்ட அலங்காரப் பொருள்களே. கூடத்தில் வைக்க அவை போதும்.

யந்திரம் வைக்கும் இடம் நம்மவர்க்குத் தனிப் பிரச்சினை. குழித்தறி ஓடும் வீட்டில் பலகையடிக்கும் ஒவ்வோர் அடியும் தரை வழியாக முள்ளை எட்டும். அடுத்த வீட்டில் விசைத்தறி இருந்தாலோ கேட்கவே வேண்டாம். மேசைமீது வைப்பதைவிடச் சுவரில் உறுதியாக அறைந்த பலகைமீது வைத்தல் நன்று. ஆனால் தறி நின்ற பின் கேட்பதே எல்லாவற்றிலும் நன்று. சுழல்தட்டு ரசமட்டத்திற்குச் சரியாக இருக்க வேண்டும். ஒலிபெருக்கியை அதே பலகையில் வைத்தலாகாது. தகரக் கூரையின் கீழ் வினைல் தட்டைச் சாய்த்து வைத்தால் கோடையில் வளைந்துவிடும். புத்தகம்போல் நேராக நிறுத்தி வைக்கவும். பஞ்சுத் தூசு பறக்கும் இல்லங்களில், ஒவ்வொரு முறையும் மெல்லிய தூரிகையால் தட்டைத் துடைத்த பின்னரே முள்ளை இறக்க வேண்டும். அரக்குத் தட்டை ஸ்பிரிட் கலந்த எதனாலும் துடைக்கலாகாது. தச்சர்கள் மரச்சாமான்களுக்குப் பூசும் பாலிஷ், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது என்பதை நினைவிற்கொண்டால் காரணம் விளங்கும்.

மூன்று வேகமும் இரண்டு முள்ளும் கொண்ட நல்ல யந்திரம் ஒன்று, தனிக் குடும்பத்திற்குச் சுமையாகத் தோன்றலாம். பத்துக் குடும்பங்கள் தனித்தனியே கைப்பெட்டி வாங்கும் தொகையைச் சேர்த்தால், சங்கத்தின் வாசகசாலையில் அத்தகைய யந்திரம் ஒன்றை ஒலிபெருக்கிகளுடன் வைத்துவிடலாம் என்பது என் எண்ணம். அங்கத்தினர் தத்தம் தட்டுகளைக் கொணர்ந்து மாலையில் கேட்கலாம். விரும்பினால் பிரதியெடுத்து வைத்துக்கொள்ளவும் செய்யலாம். நான் குறித்த 120 எக்ஸ் வகையில் கணினியுடன் இணைக்கும் வசதி உள்ள மாதிரியும் உண்டு. ஒரு தட்டை ஒருமுறை நல்ல முள்ளால் ஓட்டிப் பிரதியெடுத்துவிட்டால், அன்றாடம் கேட்பதற்கு அப்பிரதி போதும். தட்டு உறையில் இளைப்பாறும்.

அவ்வாறு பொதுவில் வைப்பதாயின் யந்திரத்தை இயக்க ஒருவரையோ இருவரையோ பொறுப்பாக்குவது அவசியம். எல்லோரும் கை வைத்தால் முள் ஒரு வாரம் தாங்காது. அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, ஓடிய நேரத்தை எழுதிவர வேண்டும். வி.எம்.95 வரிசையில் கூம்பு முனை 500 மணியும், நீள்வட்ட முனை 300 மணியும் தாங்கும் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு. முக்கால் மணி நேரத் தட்டு ஒன்று வீதம் நாள்தோறும் ஓட்டினால் நீள்வட்ட முனை ஓராண்டிற்குச் சற்று மேல் வரும். வாசகசாலையில் நாளுக்கு நான்கு தட்டு ஓடினால் நூறு நாளில் தீர்ந்துவிடும். புதிய முள்ளின் விலையை வரவு செலவுத் திட்டத்தில் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளவும்.